மலராய்ந்த மாதரசி ஜானகி அம்மாள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் தாவரவியல் மாணவன், சிட்லபாக்கம்)

முன்னுரை

தாவரவியல் படிக்கும் மாணவனைக் கண்டால் ஊரார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. செடி கொடிகளைப் படித்து என்ன ஆகப் போகிறது என்பதே அது. கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்த குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் உரக்கவே ஒலிக்கும். இதற்கு விடை சொல்ல வாதம் செய்வதைவிட ஒரு வாழ்க்கையை எடுத்துக்காட்டுவது மேல். கரும்பின் இனிமைக்கும் மலரின் வனப்புக்கும் பின்னால் உள்ள கணக்கை நுண்ணோக்கியின் கீழ் எண்ணிப் பார்த்தவர்; இலண்டன் மாநகரில் குண்டு மழை பொழிந்தபோதும் ஆய்வை விடாதவர்; முதுமையில் நம் சென்னையின் ஓரத்திலே, மதுரவாயலில் மூலிகைகளுக்கு நடுவே வாழ்ந்து மறைந்தவர் ஈ.கே. ஜானகி அம்மாள். அவர் வரலாற்றை நம் கல்லூரி நண்பர்கள் அறிந்திருப்பது நலம் எனக் கருதியே இக்கட்டுரையை வரையத் துணிந்தேன்.

தலைச்சேரி தந்த செல்வம்

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் 1897 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் ஜானகி பிறந்தார். தந்தையார் ஈ.கே. கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். நீதிமன்றத்தில் வழக்குகளை ஆராய்ந்த அவர், வீட்டில் பறவைகளையும் செடிகளையும் ஆராய்ந்தார். வட மலபாரின் பறவைகளைப் பற்றி நூலும் எழுதினார். உடன்பிறந்தார் பலர் நிறைந்த பெரிய குடும்பம். வீட்டைச் சுற்றி அழகிய தோட்டம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்கேற்ப, அத்தோட்டமே ஜானகியின் முதல் ஆய்வுக்கூடமாக அமைந்தது எனலாம்.

செல்வமும் கல்வியும் இருந்த குடும்பந்தான். ஆயினும் சாதி ஏணியில் தாழ்ந்தது என்று அக்காலச் சமுதாயம் ஒதுக்கிய தீயர் வகுப்பில் பிறந்தவர் அவர். தாய்வழிப் பாட்டனார் ஓர் ஆங்கிலேய அதிகாரி. எனவே அவரைப் பற்றிப் பேசுவதற்கு ஊருக்குப் பல காரணங்கள் இருந்தன. அவரோ ஊர்ப் பேச்சுக்குச் செவி கொடாமல் நூல்களுக்குக் கண் கொடுத்தார்.

சென்னையில் கல்வி

தலைச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்த ஜானகி, உயர்கல்விக்காகச் சென்னைக்கு வந்தார். கடற்கரைச் சாலையில் உள்ள இராணி மேரிக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் அதே சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில் தாவரவியல் சிறப்புப் பட்டப் படிப்பை 1921 இல் முடித்தார். பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாக இருந்த காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்து, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. உடன்பிறந்த சகோதரிகள் பெரியோர் பார்த்து நிச்சயித்த மணங்களை ஏற்று இல்லறம் புகுந்தார்கள். ஜானகியின் முறை வந்தபோது அவர் வேறு வழியைத் தேர்ந்தார். ஆசிய நாட்டுப் பெண்களின் உயர்கல்விக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 'பார்பர்' உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டிருந்தது. அவ்வுதவித்தொகை கிடைக்கவே கப்பலேறினார். மாலை சூட மறுத்தார் என்பதைவிட, மலர் ஆராயப் புறப்பட்டார் என்பதே பொருந்தும். இறுதிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

மிச்சிகனில் முதுகலைப் பட்டம் பெற்று நாடு திரும்பிச் சில காலம் கற்பித்தார். மீண்டும் அங்கே சென்று 1931 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று இன்றும் அவர் போற்றப்படுகிறார்.

குரோமோசோம் என்னும் கணக்கு

அவர் பயின்றது செல்லியல். வெங்காயத்தின் வேர்நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் இட்டு, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் நாமும் பார்த்திருக்கிறோம். அதில் தெரியும் குரோமோசோம்கள் 16. மக்காச்சோளத்தில் 20. காட்டு வாழையில் 22. ஒவ்வொரு செடிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு.

இந்தக் கணக்கு தேர்வுத்தாளில் எழுதுவதற்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு செடிகளைக் கலந்து புதிய வகை உண்டாக்க விரும்புகிறவன், அவை ஒன்றுக்கொன்று இசையுமா, பிறக்கும் கலப்பினம் விதை பிடிக்குமா, மலடாகுமா என்பதைக் குரோமோசோம் எண்ணை வைத்தே ஊகிக்கிறான். தோட்டக்காரனின் கைப்பழக்கம் பல தலைமுறைகளில் கண்டதை, ஆய்வாளனின் கணக்கு சில ஆண்டுகளில் காட்டிவிடுகிறது.

கோவையும் கரும்பும்

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய அம்மையார், 1934 இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1912 இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. கரும்பு பூத்து விதை பிடிப்பதற்குக் கோவையின் தட்பவெப்பம் உகந்தது என்பதாலேயே அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே பார்பர் என்னும் ஆங்கிலேய அறிஞர், தடித்த 'வெள்ளை'க் கரும்பையும் நாணல் போல் தானே வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து 'கோ 205' என்னும் வகையை உருவாக்கினார். தித்திப்பு நாட்டுக் கரும்பினுடையது. வறட்சியையும் குளிரையும் தாங்கும் வலிமை காட்டுக் கரும்பினுடையது. 1918 இல் வெளியான இந்த வகை வட இந்திய வயல்களில் பரவியது. அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமன் அப்பணியை மேலும் வளர்த்தார்.

இத்தகைய நிலையத்தில் ஜானகி அம்மாள் செய்தது என்ன? காட்டுக் கரும்பின் குரோமோசோம் எண் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பதை இந்தியாவின் பல வடிவங்களை ஆராய்ந்து காட்டினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து கலப்பினங்களை உருவாக்கினார். ஓர் இனத்தின் எல்லையைக் கடந்து மற்றோர் இனத்தோடு உறவு காணலாம் என்பதற்கு அவை சான்றாயின. சர் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம், 1935 இல் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

புகழ் வெளியே, புழுக்கம் உள்ளே. தனியாக வாழும் பெண், அதிலும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்பதால், உடன் பணியாற்றிய ஆடவர்களிடையே அவருக்கு இணக்கம் கிட்டவில்லை. செடிகளில் கலப்பால் வலிமை பிறக்கும் என்று நாள்தோறும் கண்டவர்களே, மனிதரில் கலப்பைக் குறையாகக் கருதினார்கள் என்றால், அதை என்னென்பது!

குண்டு மழையில் ஒரு குறிஞ்சி

1939 இல் எடின்பரோ நகரில் நடந்த அனைத்துலக மரபியல் மாநாட்டுக்கு அம்மையார் சென்றார். அப்போதுதான் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கினார். 1940 இலிருந்து இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தில் பணி செய்தார். இரவில் விமானங்கள் குண்டு வீசும்; படுக்கைக்கடியில் புகுந்துகொள்வார். விடிந்ததும் ஆய்வகத்தில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்து எறிந்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்வார்.

அந்த உழைப்பின் கனியே, புகழ்பெற்ற மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945 இல் அவர் வெளியிட்ட 'பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை' என்னும் பெருநூல். மனிதன் உணவுக்கும் உடைக்கும் அழகுக்கும் வளர்க்கும் தாவரங்களின் குரோமோசோம் எண்களை ஓரிடத்தில் திரட்டித் தந்த நூல் அது. பழத்தோட்டம் வைப்பவருக்கும் பூங்கா அமைப்பவருக்கும் புதுவகை தேடுபவருக்கும் அது ஒரு பஞ்சாங்கம் போல் பயன்பட்டது. ஒரு நாடு மற்றொரு நாட்டின் நகரங்களை அழித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், உலகத்துச் செடிகளையெல்லாம் ஒரு நூலுக்குள் சேர்த்து வைத்தார் நம் நாட்டுப் பெண்மணி ஒருவர்.

விஸ்லி தோட்டத்து வெண்மலர்

போர் முடிந்ததும், அரச தோட்டக்கலைச் சங்கம் விஸ்லியில் உள்ள தன் தோட்டத்துக்கு அவரைச் செல்லியல் ஆய்வாளராக அழைத்துக்கொண்டது. அங்கே அவர் ஆராய்ந்தது மலர்ச்செடிகளை. அவற்றுள் சிறப்பானது மக்னோலியா. நம் செண்பகத்தின் உறவுச் செடி என்றால் எளிதில் விளங்கும்.

ஐரோப்பாவில் வளரும் கோல்ச்சிகம் என்னும் செடியின் கிழங்கிலும் விதையிலும் 'கோல்ச்சிசின்' என்னும் நஞ்சு உண்டு. செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பங்காகின்றன. பின்பு இரு முனைகளுக்கும் இழுக்கப்படுகின்றன. கோல்ச்சிசின் அந்த இழுக்கும் இழைகள் உருவாகாமல் தடுத்துவிடும். பங்காகிய குரோமோசோம்கள் பிரிய வழியின்றி ஒரே செல்லில் தங்கிவிடும். எண்ணிக்கை இரட்டிக்கும். இதனை 1937 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள்.

இம்முறையை ஜானகி அம்மாள் மக்னோலியா நாற்றுகளில் கையாண்டார். இளநாற்றின் குருத்து நுனியில் கரைசலை இட்டார். 38 குரோமோசோம்கள் உடைய செடி 76 உடையதாயிற்று. இலைகள் பெருத்தன; பூவிதழ்கள் தடித்தன. இதழ் தடித்ததால் பூ அதிக நாள் வாடாமல் நின்றது. விஸ்லியின் பேட்டில்ஸ்டன் குன்றில் அவர் வளர்த்த செடிகள் பிற்காலத்திலும் பூத்துக் குலுங்கின. அவற்றுள் ஒரு வகை 'மக்னோலியா கோபஸ் ஜானகி அம்மாள்' என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பூ வாடாமல் நிற்பது என்பது சிலருக்கு அழகு பற்றிய செய்தி. சிலருக்கு அது பிழைப்பு. என் தாயார் பூக்கட்டி விற்பவர். விடியற்காலையில் வாங்கும் உதிரிப்பூ மாலைக்குள் விற்றாக வேண்டும். விற்காத பூவுக்கு மறுநாள் விலையில்லை. ஈரத்துணியும் வாழையிலையும் காப்பாற்றித் தரும் சில மணி நேரமே அன்றைய இலாபம். இதழின் தடிப்பு ஒரு குடும்பத்தின் அடுப்போடு தொடர்புடையது என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கும் முன்பே அறிவேன். அது குரோமோசோமோடும் தொடர்புடையது என்பதை இவ்வம்மையாரின் வரலாற்றால் அறிந்தேன்.

நம் கூடையில் உள்ள சான்றுகள்

கோல்ச்சிசினைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் மாநில மலராகிய செங்காந்தளில் அது நிறைய உண்டு. ஒட்டன்சத்திரம், தாராபுரம் பகுதி உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று அதைப் பந்தலிட்டு வளர்ப்பது அதன் விதைக்காகவே. மருந்துக்காகிய அவ்விதை நல்ல விலை பெறும். ஆனால் அதன் கிழங்கும் விதையும் உயிரைக் குடிக்கும் நஞ்சு என்பதை எவரும் மறக்கலாகாது.

குரோமோசோம் தொகுதி இரண்டுக்கு மேற்படுவதைப் பன்மயம் என்கிறோம். அது ஆய்வகத்தில் மட்டும் நிகழ்வதன்று. இயற்கையும் அதைச் செய்கிறது. நாம் உண்ணும் பூவன், ரஸ்தாளி, நேந்திரன், செவ்வாழை யாவும் மூன்று தொகுதி கொண்ட மும்மயங்கள். அவற்றின் குரோமோசோம்கள் 33. மூவர் இருவராக இணை சேர முடியாது அல்லவா? அதனால் விதை உருவாவதில்லை. சதைப்பற்றுள்ள பழம் மட்டும் கிடைக்கிறது. எனவேதான் வாழையைக் கன்று வைத்தே வளர்க்கிறோம். கோடையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் குவியும் தர்ப்பூசணியில் விதையில்லா வகையும் இத்தகையதே. ஜப்பானிய அறிஞர் கிஹாரா, கோல்ச்சிசின் கொண்டு 44 குரோமோசோம் உள்ள செடியை உண்டாக்கி, அதை 22 உள்ள செடியோடு கலந்து 33 உள்ள வகையைப் பெற்றார். கூடையில் செம்பொன்னாய் ஒளிரும் டெல்லி கனகாம்பரமும் மும்மயமே. விதை பிடிக்காததால் அதைத் தண்டு வெட்டி நட்டுப் பெருக்குகிறார்கள். விதையில்லாதவை எல்லாம் மும்மயம் என்று முடிவு கட்டவும் கூடாது. விதையில்லாத் திராட்சையில் விதை கருவுற்றுத் தொடங்கி இடையிலே நின்றுவிடுகிறது; அதன் கதை வேறு.

இந்த நன்மைக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கன்றாலும் தண்டாலும் பெருகும் செடிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். பனாமா வாடல் நோயால் மத்திய அமெரிக்காவின் 'குரோ மிசெல்' வாழைத் தோட்டங்கள் அழிந்தது இதற்குச் சான்று. அப்போது ஆய்வாளன் எங்கே ஓடுகிறான்? காட்டுக்குத்தான். நோய் தாங்கும் குணம் காட்டு வாழையிலும் காட்டுக் கரும்பிலும் இருக்கிறது. காடு அழிந்தால் தோட்டத்துக்கு மருந்து இல்லை. இந்த உண்மையை உள்ளம் பதறக் கண்டவர் ஜானகி அம்மாள்.

எரிந்துபோன ஒற்றை மரம்

1951 இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று அம்மையார் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியச் செடிகளை இந்தியரே ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் துறை சீரமைக்கப்பட்டு அதன் தலைமைப் பதவி நிரப்பப்பட்டபோது அது அவருக்குக் கிட்டவில்லை. அது அவருக்குப் பெரும் ஏமாற்றம். மத்தியத் தாவர ஆய்வகத்தின் இயக்குநராக அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

அந்நாளில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் முனைப்பில் காடுகள் பல அழிக்கப்பட்டன. அசாமின் அப்பகுதியில் 'மக்னோலியா கிரிபித்தி' என்னும் மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவு சென்றார் அம்மையார். அங்கே அவர் கண்டது எரிந்துபோன மரத்தை. விஸ்லியில் ஒரு மக்னோலியாவின் குரோமோசோமை இரட்டிக்கத் தெரிந்த கைகளுக்கு, இங்கே எரிந்த ஒரு மக்னோலியாவை மீட்கத் தெரியவில்லை. எவராலும் முடியாத செயல் அது. புதுவகை படைப்பதே பெரிதென்று உழைத்த வாழ்க்கை, இருப்பதைக் காப்பதும் அதற்கு இணையாகப் பெரிது என்னும் திசையில் திரும்பியது.

1955 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை மாற்றிய விதம் பற்றி ஒரு பெரும் கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்ட அறிஞர்களுள் ஒரே பெண்மணி ஜானகி அம்மாள். இந்திய மக்களின் தன்னிறைவு வாழ்க்கை முறையைப் பற்றி அவர் அங்கே உரைத்தார். பழங்குடி மக்கள் செடிகளைப் பற்றி அறிந்திருப்பதும் அறிவியலே என்பது அவர் கருத்து.

மதுரவாயலில் மாலைப் பொழுது

பணி ஓய்வுக்குப் பின் பம்பாய் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சில காலம் ஆய்வு செய்தார். 1970 இல், இளமையில் தாம் கற்ற சென்னைக்கே திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலாளர் ஆனார். மதுரவாயலில் இருந்த அம்மையத்தின் கள ஆய்வகமே அவருக்கு வீடும் பணியிடமும். மூலிகைத் தோட்டம் வளர்த்தார். எளிய உடை, எளிய உணவு, காந்திய வழி.

நம் பக்கத்துப் பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயலுக்கு இன்று புறவழிச்சாலை செல்கிறது. அதில் விரையும் வண்டிகளில் இருப்போர் எத்தனை பேருக்குத் தெரியும், உலகத் தோட்டங்களுக்கு வழிகாட்டிய ஒருவர் அங்கே வாழ்ந்தார் என்று?

எண்பது வயதை எட்டிய பின்னும் அவர் ஓயவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, அக்காட்டைக் காக்கக் குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர். அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியையும் மேற்கொண்டார். 1984 பிப்ரவரி 7 ஆம் நாள் மதுரவாயலில், தம் ஆய்வுக்கூடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியைக் காண அவர் இல்லை. அவர் காக்க விரும்பிய மரங்கள் இருக்கின்றன.

பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 1999 இல் மத்திய அரசு வகைப்பாட்டியலுக்கென அவர் பெயரால் விருது நிறுவியது. கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட மஞ்சள் ரோஜா ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

முடிவுரை

அன்பிற்குரிய மாணவ நண்பர்களே! ஜானகி அம்மாளின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? பதவி கிட்டாதபோதும் பணி கிட்டாமல் போவதில்லை என்பது ஒன்று. உயர்ந்த பழமும் மலரும் ஏதோ ஒரு காட்டுச் செடிக்குக் கடன்பட்டவை என்பது மற்றொன்று.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த சிட்லபாக்கம் இன்று வீடுகளால் நிறைந்திருக்கிறது. வீடும் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சியிருக்கும் ஏரிக்கரையிலும் காலி மனையிலும் நிற்கும் செடிகளின் பெயரையாவது அறிந்தவர்கள் ஊருக்கு நால்வர் வேண்டாமா? அந்த நால்வரில் ஒருவராவது தாவரவியல் மாணவராக இருக்க வேண்டாமா? நம் துறை மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்ச் செடிகளைத் தொகுத்துப் பெயரிட்டு, உலர்தாவரத் தொகுப்பாகக் கல்லூரியில் சேர்க்கலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. பழைய செய்தித்தாளும் பொறுமையும் போதும்.

செடி கொடிகளைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்போருக்கு இனி நாம் தயங்காமல் விடை சொல்லலாம். உண்ணும் பழமும், சூடும் பூவும், அவற்றை விற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் அந்தப் படிப்பில்தான் நிற்கின்றன. வாழ்க ஜானகி அம்மாள் புகழ்! வளர்க தாவரவியல்!